நாற்பத்திரண்டாம் புள்ளி

பிரானூர் பார்டரில் இரவு பதினொரு மணிக்கும்
கல் ஆறுவதில்லை.
நான் கல்லாவில். புள்ளியியல் முதுகலை,
பாளையங்கோட்டையில் படித்தது.
வேலைக்கு எடுக்கும்போது மைதீன் பிச்சை அண்ணாச்சி
ஒன்றுதான் கேட்டார்:
"இன்னைக்கு எத்தனை பரோட்டா போகும்னு
மாவு பிசையுறதுக்கு முந்தியே சொல்லுவியா?"

ஒன்றும் தெரியாமலே சொல்லலாம்: தொள்ளாயிரம்.
சராசரி என்பது எல்லா நாளைக்கும் ஒரே பதில்;
இருநூறு முன்னே பின்னே பிசகும்.
மிஞ்சினதைச் சொரிமுத்து மறுநாள் கொத்துவான்.
டக்கு டக்கு டக்கென்று
இரண்டு தகடும் என் பிழையை நறுக்கும்.
முட்டை உடைத்து, சால்னா விட்டு,
வாழையிலையில் அதையும் விற்போம்.

அதனால் லாரி எண்ணினேன்.
புளியரை செக்போஸ்ட் எதிரே டீ ஆற்றுகிற அனீஷ்
நாலு மணிக்குப் போன் செய்வான்,
இன்றைக்கு இத்தனை வண்டி கடந்தது என்று.
நாற்பத்தோரு நாள்,
கட்டம் போட்ட நோட்டில் நாற்பத்தோரு புள்ளி.
கணவாய் ஏறும் வண்டிகள் மாதிரி
எல்லாம் மேல்நோக்கித்தான்,
ஒன்றுகூட வரிசையில் இல்லை.

ஒட்டுறவு என்று பாடத்தில் பெயர்.
பூஜ்யம் என்றால் ஒட்டுமில்லை உறவுமில்லை.
ஒன்று என்றால் உடம்பும் நிழலும்.
எங்களுக்கு வந்தது புள்ளி ஏழு.

"பத்துக்கு ஏழு! பாஸ்தானம்மா" என்றார் அண்ணாச்சி.
இல்லை அண்ணாச்சி,
ஏழை ஏழால் பெருக்கணும். நூற்றில் நாற்பத்தொன்பது.
லாரிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
இருநூறு பிசகியது இனி நூற்று நாற்பத்துமூன்று பிசகும்.
புள்ளி ஒன்பதே கிடைத்தாலும் எண்பத்தேழு.
புள்ளி ஒன்பத்தெட்டிலும் நாற்பது.
உறவு பாதி தூரம் வந்தால்
பிழை பாதி குறையும் என்று நினைக்கிறோம்.
அது நகர்வதே இல்லை, கடைசி வளைவு வரைக்கும்.

புள்ளி ஒன்பத்தெட்டும் கடையிலேயே இருந்தது, சால்னா அண்டா.
அண்டா காலியானால் பரோட்டாவும் தீர்ந்திருக்கும்.
ஆனால் அது சொல்லும் நேரத்தில்
நாங்கள் கடையைக் கழுவிக்கொண்டிருப்போம்.

நாற்பத்திரண்டாம் நாள் அங்கே ஹர்த்தால்.
அனீஷ் சொன்னான்: "சைபர், அக்கா."
கோட்டைப் பின்னோக்கி இழுத்தேன்,
ஒரு புள்ளியும் இல்லாத வெள்ளைத் தாளுக்குள்.
நானூற்று முப்பது என்றது.
சொரிமுத்து பாதி மூட்டைகூடப் பிசையவில்லை.

ஆறு மணிக்குப் பார்த்தால்
கடக்காத வண்டியெல்லாம் இந்தப் பக்கம் நிற்கிறது,
கட்டளைக்குடியிருப்பு தாண்டி வால் தெரியவில்லை.
சிமெண்ட், முட்டை, வைக்கோல், கட்டிப்போட்ட மாடுகள்.
கையலம்பிக்கொண்டே வந்தார்கள்.
ஏழே முக்காலுக்கு மாவு தீர்ந்தது.
பிறகும் வந்தார்கள்.
பினோய் என்று ஒரு டிரைவர்,
நாமக்கல்லில் காலை நாலு மணிக்கு முட்டை ஏற்றியவர்,
"ஒரெண்ணம் போலும் இல்லே?" என்று
காலித் தட்டைத் தானே தூக்கிப் பார்த்தார்.
கொக்கியில் தொங்கிய தாரில் இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை, அதனால் அது கணக்கில் இல்லை.

ராத்திரி நோட்டை எடுத்தேன்.
லாரி: பூஜ்யம். விற்றது: நானூற்று முப்பது.
புள்ளி, கோட்டின் மேலேயே
ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது.
மறுபடி கணக்கிட்டேன். ஒட்டுறவு
புள்ளி ஏழு நான்கு. கூடியிருந்தது.

"பார்த்தியா, ஒன்றுகூட மிஞ்சலை"
என்று அண்ணாச்சி சம்பளத்தோடு இருநூறு சேர்த்துத் தந்தார்.
பிசைந்தது நானூற்று முப்பதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சொரிமுத்து சொன்னான்,
கொத்த ஒன்றுமில்லாத தகடுகளைத் துடைத்தபடி:
"திரும்பிப் போனவங்கள எந்தப் பக்கம் எழுதுவே, அக்கா?"

கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அதற்குக் கீழே புள்ளி வைத்தேனா
என்று இப்போது ஞாபகமில்லை.